பெருவிரல் மை

ஜூன் 3, 2025, செவ்வாய்

பாட்டியின் முதுகுப் புண்ணில் நாற்றம் குறைந்திருக்கிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவச் சொன்னதை மருமகள் விடாமல் செய்திருக்கிறாள். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, சீழை வழித்து, கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அந்த ஓட்டு வீட்டில் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வலது கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். பெருவிரல் நுனியில் ஊதா மை. எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள், ஆனாலும் ரேகைக் கோடுகளுக்குள் தங்கியிருந்தது.

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருஷமாகிறது. அன்றைக்கே பேச்சும் போயிற்று. இடது கையை யாராவது பிடித்தால் இறுக்கி மூடிக்கொள்வாள். பருத்தி எடுத்த பலம் அதில் இன்னும் இருக்கிறது. மை இருந்தது, மூடிக்கொள்ள முடியாத கையில்.

மருமகளிடம் கேட்டேன். "பென்ஷனுக்கு ஏதோ வெச்சாங்க சிஸ்டர்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய்க்கு ரேகை வைப்பது மெஷினில். அதற்கு மை எதற்கு?

பதிவேட்டில் புண்ணின் அளவுக்குக் கீழே எழுதினேன்: "வலது பெருவிரல் நுனியில் ஊதா மைக்கறை. காலை 10.40." வீடு வீடாகப் போகும் எங்கள் வண்டியில் கூட வரும் பிசியோ தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நாம எழுதலாமாக்கா?" என்றான். தோலில் இருப்பதை எழுதுவது என் வேலை. சிவப்பு, கொப்புளம், கீறல் என்று எழுதுகிறோம், மையை மட்டும் ஏன் விட வேண்டும்? யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் நர்ஸ் என்ன நினைத்தாள் என்பது நிற்காது. நேரம் போட்டு எழுதின வரி நிற்கும்.

ஜூன் 4, புதன்

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், 71 வயது. கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் போய்விட்டது. வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றும் முன்பே மகன் வாசலில் மறித்தார். "அப்பாகிட்ட அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். தயவுசெஞ்சு வாயை விட்றாதீங்க சிஸ்டர்."

இதைக் கேட்காத வீடே இல்லை. கெட்ட எண்ணத்தில் கேட்பவர்களும் இல்லை. தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார் என்ற பயம்தான். ஆனால் 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. 44 வயதுப் பெண் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சுயபுத்தியுள்ள பெரியவருக்குப் பதிலாகத் தாய் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது, மயக்கம் தெளியட்டும் என்று காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும் என்றது கோர்ட். தாய்க்கே அந்த அதிகாரம் இல்லை. இங்கே 70 தாண்டிவிட்டால் எல்லாப் படிவத்திலும் மகன் கையெழுத்துத்தான், பெரியவர் பக்கத்துக் கட்டிலில் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும்.

மகனிடம் சொன்னேன்: "நானா எதையும் சொல்ல மாட்டேன் சார். அவங்களா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். டாக்டரைக் கூட்டிட்டு வந்து பேச வைப்பேன்."

உள்ளே போனால் வாத்தியார் மாத்திரை அட்டையைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஏம்மா, அல்சருக்கு மார்ஃபின் கொடுப்பாங்களா?"

"உங்களுக்கு என்ன சார் தோணுது?"

"விடை எனக்குத் தெரியும். இவங்க போட்டிருக்கிற வழிமுறைதான் தப்பு" என்றார். கதவுக்குப் பின்னால் மகன் நின்றது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நாளைக்கு டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது மருமகள் தனியாகப் பிடித்துக்கொண்டு, அபின்தானே இது, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா என்று கேட்டாள். டாக்டர் எழுதிய அளவில், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் வலிதான் போகும் என்றேன். கூடவே மலமிளக்கி கட்டாயம். இந்த மருந்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் பல லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி கொஞ்சம் லேசானது. அதற்கு முன்னால் கத்திக்கொண்டே செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

ஜூன் 6, வெள்ளி

தாத்தாவுக்கு 78. மறதி நோய். கணுக்காலில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தார்கள். கட்டு பட்ட இடத்தில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. மகனும் மருமகளும் பட்டாசு ஆலையில், பாட்டி நூறு நாள் வேலையில். வீட்டில் தாத்தாவும் ஒரு கோழியும்.

எனக்கு வந்த கோபம் பாட்டி வந்து சொன்னதும் இறங்கிவிட்டது. போன மாதம் மனுஷன் நாலுவழிச் சாலை வரைக்கும் நடந்து போயிருக்கிறார். லாரிக்காரர் ஒருவர் பிரேக் அடித்து, இறங்கி வந்து கைபிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "கட்டாம விட்டு அவரு லாரியில விழுந்தா அதுக்கும் என்னையத்தானத்தா கேப்பீக?"

2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 97-ஆம் பிரிவு இருக்கிறது. உடனே ஆபத்து வரும், வேறு வழியே கிடையாது என்றால்தான் கட்டலாம். அதுவும் மனநல மருத்துவர் அனுமதித்தால்தான், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும்தான். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் சொல்லியும் கட்டக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் பிரதிநிதிக்குத் தகவல் போக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது மனநல நிலையங்களுக்கு. இந்த வீட்டில் ஆள் பற்றாக்குறை ஒன்றுதான் மொத்தப் பிரச்சினையும். பாட்டியைக் குற்றவாளி ஆக்கிவிட்டு வண்டி ஏறிப் போவது எனக்குச் சுலபம், நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகாமல் அவள் சாப்பிட முடியாது.

எப்போது எழுந்து போகிறார் என்று கேட்டேன். சாயங்காலம் நாலு மணி வாக்கில்தானாம். அவரிடமே போய் உட்கார்ந்து, எங்கே தாத்தா போகணும் என்றேன். "மாட்டைப் பிடிச்சுக் கட்ட வேண்டாமா?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. மாடு வித்துப் பன்னிரண்டு வருஷமாகிறது.

முடிந்ததைச் செய்தோம். கட்டிலை எடுத்துவிட்டுப் பாயும் மெத்தையும் தரையில். தெருக்கதவின் தாழ்ப்பாளை, அவர் கண் போகாத இடத்தில், கீழே மாற்றச் சொன்னேன். எதிர்வீட்டு டீக்கடைக்காரர், நாலு மணிக்கு அவரைத் தொழுவம் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போய் முளைக்குச்சியில் கயிற்றைச் சுற்ற வைத்துக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் செய்வார் என்று பார்க்க வேண்டும். கணுக்கால் காயத்தை அளந்து எழுதினேன். கட்டியிருந்ததையும் எழுதினேன். ஏன் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினேன், அது இல்லாமல் எழுதினால் பாதி உண்மை.

ஜூன் 9, திங்கள்

மை வைத்த வீடு. பாட்டியின் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். நான் கட்டு மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா நர்சம்மா, தலைக்கு எண்ணெய் தேச்சு ஊத்திவிட்டா என்ன? இவளுக்கும் நிம்மதி, இதுகளுக்கும் நிம்மதி."

நான் இந்த மாவட்டத்துக்காரி. முதியவர்களை எண்ணெய்க் குளியலில் சாகவிடும் தலைக்கூத்தல் என்ற சொல்லை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. 2010 வாக்கில் பத்திரிகைகள் தோண்டி எழுதின. 'பாரம்' என்று படம் வந்து தேசிய விருதும் வாங்கியது. அதற்குப் பிறகு இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வது குறைந்திருக்கிறது. கேட்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "வேண்டாம் அத்தை. இவங்க உடம்புக்கு நெஞ்சுல சளி கட்டிரும், ஆளைக் கொண்டு போயிரும். அப்படி ஆச்சுன்னா நீங்க கேட்டதையும் சேர்த்து நான் எழுதித்தான் ஆகணும்." அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் வண்டி வரைக்கும் வந்தாள். "நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது சிஸ்டர்." அவள் போனில் முதியோர் உதவி எண் 14567-ஐப் பதிந்து கொடுத்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். கொலை நடந்தது தெரிந்தாலும் சரி, நடத்தும் எண்ணம் தெரிந்தாலும் சரி, போலீசுக்குச் சொல்வது எல்லார் மேலும் உள்ள கடமை; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39, புதியதில் 33. ஆனால் ஒரு கிழவி கேட்ட கேள்வியை எண்ணம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? இன்றைக்கு முடியாது என்றுதான் இருவருக்கும் பட்டது. கிராம சுகாதார நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த வீட்டுக்குள் போய்வருவதாக ஏற்பாடு. ஆள் வந்துபோகும் வீட்டில் இது நடக்காது.

ராத்திரி அருணா ஷான்பாக்கை நினைத்துக்கொண்டேன். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நம்மைப்போல ஒரு நர்ஸ். 1973 நவம்பரில் வார்டு பையன் ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கியதில் மூளை செத்தது போலாகி, 2015 மே வரைக்கும் அதே மருத்துவமனையில் கிடந்தார். உணவை நிறுத்திவிட அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குப் போட்டபோது, அங்கிருந்த நர்சுகள் முடியாது என்றார்கள். 2011-இல் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. அத்தனை வருஷத்தில் அருணாவுக்கு ஒரு படுக்கைப் புண் வரவில்லை. முதுகைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள் என்கிற முறையில் எனக்கு அந்த ஒரு வரியே போதும், அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு.

ஜூன் 10, செவ்வாய்

தன்னார்வலர் பெண் ஒருத்தி, பாட்டிக்குக் கட்டுப் போடும் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறாள். முகம், திறந்த முதுகு, சுவரில் சாமி படம் எல்லாம் தெரிகிறது. அழிக்கச் சொன்னேன். பாட்டிக்குப் பேச்சு வந்தால் கேட்கும் முதல் கேள்வி, யாரைக் கேட்டுப் படத்தைப் போட்டாய் என்பதாகத்தான் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் போன வாரமே வாத்தியாரிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டார். மகன் அழுதாராம், வாத்தியார் அழவில்லையாம். இன்றைக்குக் கையில் தாள் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வென்டிலேட்டர் வேண்டாம், மூக்குக் குழாய் வேண்டாம், மதுரை ஐசியூ வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். இது செல்லுமா என்று கேட்டார்.

செல்லும். 2018 மார்ச் 9-ஆம் தேதி காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இடம் கொடுத்தது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் தளர்த்திவிட்டார்கள்: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி, போதும். மருத்துவமனையில் சேர்த்து, தேறமாட்டார் என்ற நிலை வந்தால் மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்து முடிவு செய்யும். யார் முன்னால் நின்று பேசுவது என்று ஒரு பெயரும் எழுத வேண்டும். மனைவி பெயரைப் போடுவார் என்று நினைத்தேன். மகன் பெயரைப் போட்டிருந்தார். "மறைச்சவனே முன்னாடி நின்னு சொல்லட்டும்" என்றார். கெஜட்டட் அதிகாரிக்குப் பஞ்சமில்லை, தாலுகாவில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள்.

திங்கட்கிழமை அத்தை கேட்டதும் இன்றைக்கு வாத்தியார் கேட்டதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. இரண்டிலும் "போதும், விட்டுவிடுங்கள்" என்பதுதான் பேச்சு. அங்கே சொன்னவள் கட்டிலுக்கு வெளியே நின்றாள். இங்கே சொன்னவர் கட்டிலில் இருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

15-ஆம் தேதி ஞாயிறு என்பதால் முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள் உறுதிமொழியை இன்றைக்கே படித்துவிட்டோம். கையை நீட்டி நின்றபோது வாசலில் பாட்டியின் மகன் நிற்பது தெரிந்தது.

டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டு வந்திருக்கிறார். அம்மா சுயநினைவோடு இருக்கிறார் என்று எழுதித் தந்தால் சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து செட்டில்மெண்ட் பத்திரம் பதிவார் என்று பத்திர எழுத்தர் சொன்னாராம். அவர் கேட்டதற்குத்தான் முன்கூட்டியே தாளில் ரேகை எடுத்து வைத்ததாம். மூன்று சென்ட் இடமும் ஓட்டு வீடும். மை எதற்கு என்று நான் கேட்காமலே பதில் வந்தது. ஒளிக்கவேண்டும் என்ற எண்ணம் மகனிடம் இருந்ததாகத் தெரியவில்லை. தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. டாக்டர், "நேர்ல வந்து அம்மாவைப் பார்த்துத்தான் சொல்லுவேன்" என்று அனுப்பினார்.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் வந்தார். மகன், மருமகள், அத்தை எல்லாரையும் தெருவுக்கு அனுப்பினோம். பாட்டியின் இடப்பக்கம் நான் உட்கார்ந்து என் இரண்டு விரலை அவள் கையில் கொடுத்தேன். ஆமாம் என்றால் ஒரு அழுத்து, இல்லை என்றால் சும்மா இருங்கள்.

டாக்டர் கரண்டியைக் காட்டி "இது டம்ளரா?" என்றார். கை அசையவில்லை. "கரண்டியா?" அழுத்தினாள். "இப்ப ராத்திரியா?" இல்லை. "நீங்க ஆம்பளையா?" கை அசையவில்லை, ஆனால் அவள் டாக்டரைப் பார்த்த பார்வையில் அவரே சிரித்துவிட்டார். கேள்வியைத் திருப்பிப் போட்டு, நடுவில் வேறு பேசி, மறுபடி கேட்டார். ஒரு தடவையும் தவறவில்லை. பேச்சுதான் போயிருக்கிறது, பிடிபடுவது போகவில்லை. ஒன்றரை வருஷமாக அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து அவளைப் பற்றி எல்லாரும் எல்லாமும் பேசியிருக்கிறார்கள்.

"விரல்ல மை வெச்சப்ப உங்ககிட்டக் கேட்டாங்களா?" இல்லை.

"வீட்டை மகனுக்குக் கொடுக்க இஷ்டமா?" அழுத்தினாள்.

"இப்பவேவா?" கை சும்மா இருந்தது. "உங்க காலத்துக்கு அப்புறமா?" என் விரல் வலித்தது.

"மகளுக்கும் ஏதாவது உண்டா?" அதற்கும் அழுத்தினாள். அதற்கு மேல் கேட்கவேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். பாகம் பிரிக்க நாங்கள் வரவில்லை.

வெளியே வந்து மகனிடம் சொன்னார்: செட்டில்மெண்டுக்குச் சான்று தரமாட்டேன், அம்மா கேட்பது உயில். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் அவரே அடையாளம் வைத்தால் போதும், உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்ட் எழுதிய அன்றைக்கே கைவிட்டுப் போய்விடும். பிறகு கவனிக்காமல் விட்டால் 2007-ஆம் வருஷ முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ. தீர்ப்பாயத்துக்குப் போய் ரத்து செய்யக் கேட்கலாம்தான். இந்த ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் ஒரு தாய் மகனுக்கு எழுதியதை ரத்து செய்து வீட்டை அவர் கையில் கொடுக்கச் சொன்னது. ஆனால் பேச முடியாத பாட்டி எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறுவாள்?

மகனுக்குக் கோபம். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் புரட்டிப் போடுறவன் நான் சார். அக்கா பொங்கலுக்குப் பொங்கல் வந்து ஒரு சேலையை வெச்சிட்டுப் போகுது. எதுவும் எழுதாமப் போனா அதுக்கும் சரிபாதி." சட்டப்படி அவர் சொல்வது சரி. அந்தப் புண் ஆறிக்கொண்டு வருவது அவராலும் அவர் மனைவியாலும்தான், எங்கள் வண்டி வந்துபோவதால் மட்டும் அல்ல. பார்த்ததற்குப் பலன் எதிர்பார்ப்பதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அதை அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்பது இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாளை அவர் எடுத்துவந்து எங்கள் முன்னால் கிழித்தார், கோபத்தில்தான்.

உயிலுக்கு நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் சிஸ்டர் என்றார். சட்டம் தடுக்காது. ஆனாலும் மாட்டேன் என்றேன். வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டிலில் போய் உட்கார வேண்டியவள் நான், சொத்துப் பேச்சில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் மறுபக்கம் என்னை உள்ளே விடாது.

ஜூன் 19, வியாழன்

திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். நம்பரைத் தம்பி மனைவி கொடுத்தாளாம். "அம்மா என்ன சொன்னாங்க சிஸ்டர்? வீட்டைத் தம்பிக்கே எழுதச் சொல்லிட்டாங்களாமே?"

"அவங்க சொன்னதை நான் சொல்லக்கூடாதும்மா. நேர்ல வந்து நீங்களே அவங்களைக் கேளுங்க."

"அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே?"

எல்லாம் தெரியும் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பனியன் கம்பெனி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எப்படிக் கேட்பது என்று கேட்டாள். இடப்பக்கம் உட்காரணும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, முதலில் கரண்டி டம்ளர் என்று கேட்டுச் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளணும், ஒரு அழுத்து என்றால் ஆமாம் என்று சொல்லிக்கொடுத்தேன். எழுதிக்கொண்டாள்.

"தம்பி பக்கத்துல இருக்கும்போது கேக்கணுமா, இல்லாதப்பவா?"

"ரெண்டு தடவையும் கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். கட்டுத் துணியும் பஞ்சும் தீரப் போகிறது, வரும்போது வாங்கி வரச் சொன்னேன்.